நட்சத்திர வீரர் ஏன் இன்றைக்கு ஆடவில்லை? என்பிஏ அட்டவணையும் வீரர்களின் ஓய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலை எட்டரை மணி. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில், நியூயார்க்கில் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் தொடங்கும் நேரம், மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்களுக்கு ரொட்டி சானாய் நேரம். மாமாக் கடையில் ஒரு கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு ஆறேழு பேர் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பந்தைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே யாராவது ஒருவன் ஆரம்பித்துவிடுவான்: "என்னண்ணே, இன்னைக்கும் அவன் கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்?" பதில் சொல்லி முடிப்பதற்குள் தே தாரிக் ஆறிப்போகிறது. அதனால் ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். நான் பயிற்றுநரும் இல்லை, மருத்துவரும் இல்லை. பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்ப்பவன், இருபது வருடமாகக் கூடைப்பந்து பார்ப்பவன், அவ்வளவுதான்.

ஒரு அணிக்கு 82 ஆட்டம் என்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது?

1967-68 பருவத்திலிருந்து 82தான். இடையில் சம்பளத் தகராறு, கொரோனா போன்ற காரணங்களால் சில பருவங்கள் குறைந்திருக்கின்றன, மற்றபடி யாரும் அதைத் தொட்டதில்லை. முப்பது அணிகளும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பகுதி; ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தைந்து அணியாக மூன்று பிரிவு. கணக்கு இப்படி: தன் பிரிவில் உள்ள நான்கு அணிகளோடு தலா 4 ஆட்டம், 16. தன் பகுதியில் மற்ற ஆறு அணிகளோடு தலா 4, அது 24. அதே பகுதியில் மீதி நான்கு அணிகளோடு தலா 3, அது 12. எதிர்ப் பகுதியின் பதினைந்து அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று, அது 30. கூட்டினால் 82. முப்பது அணிக்கும் சேர்த்து 1,230 ஆட்டம். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் இதை முடித்தாக வேண்டும். ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஓர் ஆட்டம் விழுகிறது. அதற்குப் பிறகுதான் கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகளான பிளேஆப், அங்கே ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டம் வரை போகலாம்.

'பேக்-டு-பேக்' என்றால் என்ன? அதைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்?

அடுத்தடுத்த இரண்டு இரவு, இரண்டு ஆட்டம். பெரும்பாலும் இரண்டும் இரண்டு ஊரில். முதல் ஆட்டம் இரவு பத்து மணிக்கு முடிகிறது. குளியல், பத்திரிகையாளர் சந்திப்பு, முட்டியில் ஐஸ் கட்டு, பிறகு பேருந்தில் விமான நிலையம். தனி விமானம்தான், நல்ல சாப்பாடும் உண்டு. ஆனால் விடுதியில் தலை சாய்க்கும்போது விடியற்காலை இரண்டோ மூன்றோ ஆகியிருக்கும். அன்று மாலையே மறுபடியும் களத்தில் நிற்க வேண்டும். கிழக்கே பறந்து நேரமண்டலம் மாறியிருந்தால் ஒரு மணி நேரம் இன்னும் காணாமல் போயிருக்கும். அடுத்த ஊர் டென்வர் என்றால் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம், மூச்சும் சேர்ந்து வாங்கும்.

"கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குறவன், ஒரு நாள் தூங்கலைன்னா என்ன?" என்று கேட்பவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை. முதல் இரவு சமாளித்துவிடலாம். இரண்டாம் இரவும் கைகால் ஓடும். மூன்றாம் இரவு, விடியற்காலை நான்கு மணி வாக்கில், கண் திறந்திருந்தும் பார்வை வேலை செய்யாது. அப்படி ஒரு நேரத்தில் ஒரு டிரே முழுக்கப் பொருளைத் தப்பான ரேக்கில் வைத்துவிட்டு, லேபிளை இரண்டு முறை படித்துச் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டு முறை படித்தேன், சத்தியமாக. எனக்குப் போனது ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஓடிவந்த வேகத்தில் ஒற்றைக் காலில் நின்று திரும்பும் இரண்டு மீட்டர் மனிதனுக்கு அதே அரை நொடித் தாமதம் வந்தால் போவது முட்டி ஜவ்வு. சம்பளம் எவ்வளவு என்று ஜவ்வுக்குத் தெரியாது.

நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. 2014-15 பருவத்தில் ஓர் அணிக்குச் சராசரி 19.3 பேக்-டு-பேக் இருந்தது. 2017-18 பருவத்தை ஒரு வாரத்துக்கு மேல் முன்னதாகவே தொடங்கி, முன்னோட்ட ஆட்டங்களைச் சுருக்கி, அதை 14.4க்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து இரவில் நான்கு ஆட்டம் என்ற கொடுமையும் அந்த வருடத்தோடு ஒழிந்தது. அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் குறைந்து, மறுபடி ஏறி, 2024-25இல் 14.9.

அட்டவணையை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

போடுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. முப்பது வருடத்துக்கு அருகில் மேட் வினிக் என்ற ஒரே மனிதர் இந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டார். இப்போது ஒரு குழுவும் கணினியும் சேர்ந்து செய்கின்றன. சிக்கல் அரங்கத்தில் தொடங்குகிறது. பல ஊர்களில் அதே அரங்கத்தில் ஐஸ் ஹாக்கி அணியும் இருக்கிறது, இசை நிகழ்ச்சியும் வருகிறது, சர்க்கஸும் வருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ், ஹாக்கி அணி கிங்ஸ் மூன்றும் 2024 வரை ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்தின. சான் அன்டோனியோவில் ஒவ்வொரு பிப்ரவரியும் மாட்டுச் சந்தையும் ரோடியோவும் நடக்கும். 2003 முதல் அந்த நாட்களில் ஸ்பர்ஸ் அணி மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் போய்விடும். நமக்கு இது புதிதா? பினாங்கில் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்பட்டு, தண்ணீர்மலைக்குக் கூட்டம் திரளும் நாளில் அந்த வழியாக ஒரு லாரியை விட்டுப் பாருங்கள். சில தேதிகள் ஊருக்குச் சொந்தம்.

அதன்மேல் தொலைக்காட்சி. கிறிஸ்துமஸ் அன்று ஐந்து ஆட்டம், குறிப்பிட்ட கிழமைகளில் குறிப்பிட்ட நேரத்தில் பெரிய அணிகள். இந்த நிபந்தனைகளையெல்லாம் போட்டுக் குலுக்கினால் மிஞ்சுகிற இடைவெளிதான் ஓய்வு. உருப்படியாக ஒரு மாற்றம் வந்தது: ஒரே ஊரில் தங்கி, அதே எதிரணியோடு அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆடுவது. 2020-21 கொரோனா பருவத்தில் அவசரத்துக்குச் செய்தது, நன்றாக இருக்கவே வைத்துக்கொண்டார்கள். பயணம் குறைந்தால் தூக்கம் கூடும். ஓர் அணி ஒரு பருவத்தில் 40,000 மைல் பறப்பது சாதாரணம் என்னும்போது இது பெரிய உதவி.

இந்த ஓய்வுப் பழக்கத்தை ஆரம்பித்தது யார்?

ஸ்பர்ஸின் அப்போதைய பயிற்றுநர் கிரெக் போபோவிச் என்பார்கள். முதலில் செய்தவர் அவர்தானா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஒளிக்காமல் செய்தவர் அவர்தான். 2012 நவம்பர் 29. ஸ்பர்ஸ் அணிக்கு ஆறு ஆட்ட வெளியூர்ப் பயணத்தின் கடைசி நாள், ஐந்து இரவில் நான்காவது ஆட்டம், மயாமியில், நாடு முழுக்க ஒளிபரப்பு. போபோவிச் என்ன செய்தார்? டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் என்று நான்கு முக்கிய வீரர்களையும் விமானம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்போதைய லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்னுக்குக் கோபம் தலைக்கேறி 250,000 டாலர் அபராதம் போட்டார். வேடிக்கை என்னவென்றால், மிச்சம் இருந்தவர்களை வைத்தே அப்போதைய சாம்பியன் மயாமி அணியைக் கடைசி நிமிடம் வரை தண்ணி காட்டி, 105-100 என்றுதான் ஸ்பர்ஸ் தோற்றது. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது நல்ல ஆட்டம்தான்!

அதே வருடம் மார்ச்சில் டங்கன் ஆடாத ஓர் ஆட்டத்தின் பதிவில், காரணம் போடும் இடத்தில் 'வயசாகிவிட்டது' என்ற பொருளில் ஒரு சொல்லை அச்சடித்திருந்தார்கள். நேர்மை என்றால் அது. 2013-14 பருவத்தில் ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. அந்த வருடம் கோப்பை அவர்களுக்குத்தான்.

கவாய் லெனர்ட் பெயரைச் சொன்னாலே ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள்?

'லோட் மேனேஜ்மென்ட்' (உடல் சுமையைக் குறைக்க வீரரை உட்கார வைப்பது) என்ற சொல் மாமாக் கடை வரைக்கும் வந்து சேர்ந்ததே அவரால்தான். 2018-19இல் டொரோண்டோ ராப்டர்ஸுக்காக 82இல் 60 ஆட்டம்தான் ஆடினார். அவர் இல்லாத 22 ஆட்டத்தில் அணி 17ஐ ஜெயித்தது. பிளேஆப்பில் 24 ஆட்டமும் ஆடி, ஜூனில் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு எந்தப் பயிற்றுநர்தான் சும்மா இருப்பார்? எங்கள் குழுவில் இப்போது யாராவது திங்கட்கிழமை எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அவனுக்குப் பெயர் கவாய். பாவம், அவருக்கு உண்மையிலேயே கால் வலி; பிந்திய வருடங்களில் முட்டி அறுவைச் சிகிச்சை வரை போனது.

சரி, ஓய்வெடுத்தால் காயம் குறைகிறதா, இல்லையா?

இதற்குத்தான் யாரிடமும் நேரான பதில் இல்லை. 2024 ஜனவரியில் லீக்கே ஓர் அறிக்கையை வெளியிட்டது. பத்துப் பருவத் தரவைப் பார்த்தோம், ஆட்டங்களைத் தவிர்த்த வீரர்களுக்குப் பிறகு காயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. லீக்குக்கு வசதியான முடிவு என்பதைக் கவனியுங்கள். பொய் என்று சொல்ல வரவில்லை. உட்கார வைக்கப்படுகிறவன் பெரும்பாலும் ஏற்கெனவே வலியோடு இருப்பவன். அவனை முழு உடல்நலத்தோடு இருப்பவனோடு ஒப்பிட்டால் கணக்கு கோணலாகத்தான் வரும். ஒரு நாள் ஓய்வு ஒரு வருடத் தேய்மானத்தைச் சரிசெய்யாது என்பது என் எண்ணம். என் நான்கு நாள் விடுப்பில் முதல் நாள் முழுக்கத் தூங்குகிறேன், இரண்டாம் நாள்தான் மனிதனாகிறேன்.

2023இல் ஏதோ புதுச் சட்டம் போட்டார்களே?

2017 மார்ச்சில் கோல்டன் ஸ்டேட்டும் ஒரு வாரத்தில் கிளீவ்லாந்தும் சனிக்கிழமை இரவுப் பெரிய ஆட்டத்தில் தங்கள் முக்கிய ஆட்களை உட்கார வைத்தபோதே கொதிப்பு தொடங்கிவிட்டது. அந்த ஆண்டே ஒரு விதி வந்தது. அது போதாமல் 2023 செப்டம்பரில் இன்னும் இறுக்கினார்கள். முந்தைய மூன்று பருவத்தில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கோ (சிறந்த வீரர்கள் மோதும் காட்சி ஆட்டம்) சிறந்த அணிப் பட்டியலுக்கோ (ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியல்) தேர்வானவர் 'நட்சத்திரம்'. ஒரே ஆட்டத்தில் இரண்டு நட்சத்திரங்களைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது. தேசிய ஒளிபரப்பு ஆட்டத்திலும் பருவத்துக்கு நடுவே நடக்கும் என்பிஏ கோப்பை ஆட்டத்திலும் அவர்கள் ஆடத் தயாராக இருக்க வேண்டும். ஓய்வு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கூடியவரை சொந்த ஊரில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வெளியூர் ரசிகனுக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் அந்த ஆளைப் பார்க்கக் கிடைக்கும். இந்தக் கடைசி விதியை எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு தே தாரிக் நான் வாங்கித் தருகிறேன்.

அபராதம் முதல் முறை 100,000 டாலர், இரண்டாம் முறை 250,000, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட ஒரு மில்லியன் கூடுதல். முதலில் மாட்டியது புரூக்ளின் நெட்ஸ். 2023 டிசம்பர் 27 ஆட்டத்துக்காக 100,000 கட்டினார்கள். வயதானவர்களுக்குச் சலுகை உண்டு: 35 வயது நிறைந்தவர், அல்லது 34,000 நிமிடமோ 1,000 ஆட்டமோ ஆடியவர், முன்கூட்டியே அனுமதி வாங்கி பேக்-டு-பேக்கில் ஒன்றைத் தவிர்க்கலாம். லெப்ரான் ஜேம்ஸ் மாதிரி ஆட்களுக்காக.

65 ஆட்டம் ஆடாவிட்டால் விருது கிடையாதாமே?

ஆமாம், 2023-24 முதல். சிறந்த வீரர் விருது, சிறந்த அணிப் பட்டியல் போன்றவற்றுக்கு 65 ஆட்டம் வேண்டும். தலையைக் காட்டிவிட்டு ஓடக் கூடாது, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 நிமிடம் களத்தில் இருக்க வேண்டும் (இரண்டு ஆட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு).

எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை. காரணம் பிலடெல்பியா அணியின் ஜோயல் எம்பீட். 2024 ஜனவரி 27 அன்று டென்வரில், ஆட்டம் தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போது அவர் ஆடமாட்டார் என்று அறிவித்தார்கள். அரங்கமே கத்தியது. முட்டி வலியை முன்கூட்டியே அறிக்கையில் போடாததற்கு அணிக்கு 75,000 டாலர் அபராதம். மூன்று நாள் கழித்து கோல்டன் ஸ்டேட்டோடு இறங்கினார். நடக்கும்போதே இழுத்து இழுத்து நடந்தார், இங்கே எங்கள் சின்னத் திரையிலேயே தெரிந்தது. கடைசிக் கால்பகுதியில் எதிரணிக்காரர் ஒருவர் அவர் காலின்மேல் விழுந்தார். ஜவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை. விதிதான் அவரை இறக்கியது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் கையிருப்பில் இன்னும் எத்தனை ஆட்டத்தைத் தவறவிடலாம் என்று அந்த வாரம் எல்லாரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள், எங்கள் மேசையிலும்தான்.

அதே பருவத்தில் இந்தியானா வீரர் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்குச் சிறந்த அணிப் பட்டியலில் இடம் கிடைத்தால் ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 40 மில்லியன் டாலர் கூடும். தொடைத் தசை சரியாவதற்குள் ஓடிவந்தார், 69 ஆட்டம் ஆடினார், பணமும் கிடைத்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் நொண்டிக்கொண்டாவது போயிருப்பேன்.

மைக்கேல் ஜோர்டான் 82உம் ஆடினாரே, இவர்களுக்கு என்ன வந்தது?

எங்கள் மேசையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அண்ணன் இருக்கிறார், வாரம் ஒருமுறை இதைக் கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. உண்மைதான். ஜோர்டான் ஒன்பது பருவத்தில் 82 ஆட்டமும் ஆடினார், கடைசியாக 2002-03இல், நாற்பது வயதில். ஏ.சி. கிரீன் தொடர்ந்து 1,192 ஆட்டம் ஆடினார்.

ஆனால் அண்ணே, ஆட்டம் மாறிவிட்டது. 1997-98இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 13 மூன்று புள்ளி எறிதான் முயலும். இப்போது 35க்கு மேல். அந்த மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 7.24 மீட்டர் வரை. தடுக்கிறவன் உள்ளே ஒருவனை மறித்துவிட்டு, வெளியே ஓடிப்போய்ச் சட்டென்று நின்று, கையை உயர்த்தி, ஏமாந்தால் மறுபடி உள்ளே ஓட வேண்டும். நின்று நின்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் கணுக்காலும் முட்டியும் பாரம் வாங்குகின்றன. எண்பதுகளில் ஓட்டம் குறைவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எத்தனை பேர் வலியை விழுங்கிக்கொண்டு ஆடி, ஐம்பது வயதில் படியேற முடியாமல் போனார்கள் என்ற கணக்கை மட்டும் யாரும் கோப்பை மாதிரி அடுக்கி வைப்பதில்லை.

டிக்கெட் வாங்கியவன் கதி?

அதோகதிதான். என் அக்கா மகன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். கம்பெனிப் பயிற்சிக்காக அமெரிக்கா போகும் வாய்ப்பு வந்தது. போகுமுன் செய்த முதல் வேலை, மேல் மாடியில் ஓர் இருக்கை. ரிங்கிட்டில் அறுநூறுக்கு மேல். பெட்டாலிங் ஸ்திரீட்டில் பேரம் பேசி வாங்கிய ஜெர்சியை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே போய் நின்றிருக்கிறான். யார் பெயர் அவன் முதுகில் இருந்ததோ அந்த ஆள் 'முட்டிக் காயப் பராமரிப்பு' என்று பெஞ்சில், பழுப்பு நிறக் கோட்டில். எனக்கு அனுப்பிய படத்தில் கோட்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டானாம். கிடைக்காது, டிக்கெட் ஆட்டத்துக்கு, ஆளுக்கு இல்லை.

வீரன் ஓய்வெடுப்பதில் எனக்குக் குறையில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் விளம்பரத்தில் அவன் முகத்தைப் போட்டு விற்றுவிட்டு, அன்று மாலை கையை விரிப்பதுதான் எரிச்சல்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. ஆட்டத்துக்கு முந்தைய நாள் உள்ளூர் நேரம் மாலை ஐந்துக்குள் ஒவ்வோர் அணியும் காயப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கிழக்குக் கரையில் குளிர்காலத்தில் அது நமக்கு மறுநாள் காலை ஆறு மணி. அதாவது சனிக்கிழமைக் காலை ஆட்டத்தின் பட்டியலை வெள்ளிக்கிழமைக் காலையிலேயே பார்த்துவிடலாம். பேக்-டு-பேக்கின் இரண்டாம் ஆட்டமென்றால் அன்றே பகல் ஒரு மணிக்குள், நமக்கு நள்ளிரவு தாண்டி இரண்டு மணி, எழுந்ததும் பாருங்கள். 'கேள்விக்குறி' (questionable) என்று போட்டிருந்தால் பாதிப் பாதி. 'முட்டிப் பராமரிப்பு' என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். மார்ச் நடுவில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள், எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் வரும்.

என்பிஏ கோப்பை என்று ஒன்று வந்ததே, அது கூடுதல் சுமையா?

இல்லை. அதன் ஆட்டங்களும் 82க்குள்ளேயே அடக்கம். இறுதியாட்டம் மட்டும் கணக்கில் சேராது.

ஆட்டங்களைக் குறைத்துவிட வேண்டியதுதானே?

எல்லாருக்கும் தெரிந்த மருந்து, யாரும் குடிக்க மாட்டார்கள். ஒவ்வோர் அணிக்கும் சொந்த ஊரில் 41 ஆட்டம். அதில் ஐந்தைக் குறைத்தால் ஐந்து இரவு டிக்கெட்டும் பார்க்கிங்கும் சாப்பாட்டுக் கடையும் போச்சு. 2025-26இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒப்பந்தம் பதினோரு வருடத்துக்குச் சுமார் 76 பில்லியன் டாலர். இத்தனை ஆட்டம் தருகிறேன் என்று சொல்லி வாங்கிய பணம் அது. முதலாளி மட்டும் இல்லை. வருமானத்தில் ஏறத்தாழப் பாதி வீரர்களுக்குப் போகிறது, அதனால் ஆட்டம் குறைந்தால் அவர்கள் சம்பளமும் குறையும். வீரர் சங்கம் தூக்கத்தைப் பற்றி நிறையப் பேசும், 82ஐ 72 ஆக்கு என்று போராட்டம் நடத்தாது. நானும் ஓவர்டைமைக் குறைக்கச் சொல்லி இதுவரை மனு போட்டதில்லை.

ஆட்ட நேரத்தைக் குறைக்கலாம் என்று லீக் தலைவர் ஆடம் சில்வர் 2025 ஜனவரியில் பேசிப் பார்த்தார். என்பிஏயில் 48 நிமிடம், மற்ற நாடுகளில் 40. அதற்கே பழையவர்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள்.

நம் மலேசியாவில் இந்தப் பிரச்சினை உண்டா?

தொழில்முறையில் அந்த அளவுக்கு ஆட்டமே கிடையாது. கோலாலம்பூர் மாபா அரங்கத்தில் ஆடிய மலேசியா டிராகன்ஸ் 2016இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை வென்று ஆசியான் லீக் கோப்பையைத் தூக்கியது. ஒரு பருவம் முழுக்கச் சேர்த்தாலும் என்பிஏ அணி கிறிஸ்துமஸுக்குள் ஆடி முடிக்கும் அளவுதான். ஓய்வுப் பிரச்சினை நம்மிடம் வேறு இடத்தில் இருக்கிறது: பள்ளிப் போட்டியில்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓய்வு கொடுக்க வேண்டுமா?

அவர்களுக்குத்தான் முதலில். என்பிஏவும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமும் 2016இல் சிறுவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும், 14 வயதுவரை ஒரே விளையாட்டில் பிள்ளையைக் கட்டிப்போடாதீர்கள் என்று இருக்கிறது. இங்கே மாவட்டப் போட்டி என்றால் இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். அரங்கம் அவ்வளவு நாள்தான் கிடைக்கும். காலை ஒன்பதுக்கு ஒன்று, மதியம் இரண்டுக்கு ஒன்று. பேக்-டு-பேக்காவது ஓர் இரவு இடைவெளி தருகிறது.

போன வருடம் புக்கிட் மெர்தாஜாமில் அப்படி ஒரு போட்டி. ஆசிரியருக்கு உதவியாக நான் போயிருந்தேன். எங்கள் அணியில் நன்றாக ஆடும் பையனுக்கு பதின்மூன்று வயது, ஒரே வருடத்தில் கிடுகிடுவென்று வளர்ந்தவன். காலை ஆட்டம் முடிந்து படியில் உட்காரும்போது முட்டிச் சில்லுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்தான். கேட்டால் "ஒண்ணுமில்ல அங்கிள்" என்றான். அந்த எலும்பு முனையை விரலால் தொட்டேன், காலை இழுத்துக்கொண்டான். வளரும் வயதில் வருகிற வலிதான், ஓய்வு கொடுத்தால் போய்விடும். ஆசிரியரிடம் சொன்னேன், மதிய ஆட்டத்தில் உட்கார வைத்தோம். எட்டுப் புள்ளியில் தோற்றோம்.

வேன் பக்கத்தில் அவன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார், பையன் ஆடுவதைப் பார்க்க. "ஏங்க, நல்லா ஆடுற பிள்ளைய ஏன் உக்கார வச்சீங்க?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமாக் கடையில் நான் கேட்கிற அதே கேள்வி. இதில் எழுதியிருப்பது ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. பையன் இரண்டு வாரத்தில் வலியில்லாமல் குதிக்க ஆரம்பித்துவிட்டான். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.